ஒடைஞ்ச ஸ்கெக்கும் தப்பிச்ச கியர் கேஸும்

போட்டுக்குப் பின்னாடி வெளியில மாட்டுற அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணிக்கு மேல தூக்கிப் பாருங்க, ப்ரொப்பெல்லருக்குக் கீழ தட்டையா ஒரு ப்ளேடு நீட்டிட்டு இருக்கும், அதுதான் ஸ்கெக். தனியா மாட்டின பார்ட் இல்ல, ப்ரொப்பெல்லரைச் சுத்துற கியர்களை மூடியிருக்க கியர் கேஸோடயே சேர்த்து அலுமினியத்துல வார்த்தது. எஞ்சின் போட்டுக்குள்ள இருந்து டிரைவ் மட்டும் பின்னாடி தொங்குற ஸ்டெர்ன் டிரைவ்லயும் இப்படித்தான். போட்ல ரொம்ப ஆழத்துல இருக்கிறதும் பெரும்பாலும் இதுதாங்கிறதால தரையில மொதல்ல இடிக்கிறதும் இதுதான்.

ப்ரொப்பெல்லருக்குக் காவல்னு மட்டும் நெனச்சுடாதீங்க, ஸ்டியரிங் வேலையும் பார்க்குது. அவுட்போர்டுல தனியா சுக்கான் கெடையாது, ப்ரொப்பெல்லர் தள்ளுற திசையைத் திருப்பித்தான் போட்டைத் திருப்புறோம். த்ராட்டிலைக் கொறைச்சா அந்தத் தள்ளு போயிடும், அப்போ கீழ இருக்க கியர் கேஸும் ஸ்கெக்கும்தான் சுக்கான். படகுத்துறையை நெருங்குறப்போ ஸ்கெக் பாதி போன போட் சொன்ன பேச்சைக் கேக்காம அலையறதுக்கு இதுதான் காரணம். ஸ்பீடுல ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குறதும் கூடலாம். நுனியில சின்னதா ஒரு துண்டு மட்டும் போயிருந்தா அரத்தால ராவி ஒழுங்கு பண்ணி பெயின்ட் அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம், அதுக்கெல்லாம் காசு செலவழிக்க வேணாம்.

ஆனா இடிக்கிற வேகம் சாதாரணம் இல்ல. 1 டன் போட் மணிக்கு 20 கிலோமீட்டர்ல போனா அதோட இயக்க ஆற்றல் சுமார் 15 கிலோஜூல், 40 கிலோமீட்டர்ல போனா சுமார் 62, அதாவது வேகம் ரெண்டு மடங்கு ஆனா ஆற்றல் நாலு மடங்கு. அது மொத்தமும் ஸ்கெக் மேல எறங்காது, எஞ்சின் பின்னாடி எகிறி கொஞ்சத்தை வாங்கிக்கும், மிச்சம் அலுமினியத்துக்கு வரும். அந்த நேரத்துல ஸ்கெக் ஒடையறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், வீட்டு மெயின் போர்டுல ஃபியூஸ் போற மாதிரி. ஸ்கெக் ஒடையலைன்னா அந்த அடி மேல ஏறி கியர் கேஸ்ல விரிசல் விடும், செலவு எங்கயோ போயிடும். அதனால இடிச்சதும் ஸ்கெக்கையே பார்த்துட்டு இருக்காம ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கா, ஸ்கெக் கியர் கேஸோட சேர்ற எடத்துல மயிரிழை விரிசல் இருக்கா, கியர் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கான்னு பாருங்க. வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிடுச்சு.

அமெரிக்காவுல ஃப்ளோரிடா கீஸ் பக்கம் இது அடிக்கடி நடக்கும். பரந்த ஆழமில்லாத கடல், அடியில கடல்புல், அதுக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை. தண்ணி ப்ரவுனா தெரிஞ்சா ஆழம் இல்லைன்னு அர்த்தம். அங்க இன்னொரு நஷ்டமும் இருக்கு, ஸ்கெக்கும் ப்ரொப்பெல்லரும் கடல்புல்லை வேரோட கீறிட்டுப் போன தடம் மூட பல வருஷம் ஆகும். நம்ம பாக் நீரிணையும் யாழ்ப்பாணக் களப்பும்கூட ஆழம் கம்மியான எடங்கள்தான், அவுட்போர்டு பைபர் போட் ஓட்டுறவங்க கரைக்கு வர்றப்போ எஞ்சினை முன்கூட்டியே தூக்கிடுறது இதுக்காகத்தான்.

ரிப்பேர்னா டங்ஸ்டன் முனையில கரண்ட் பொறி வச்சு உருக்குற டிக் (TIG) வெல்டிங்தான். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், ஆனா அது மேல படிஞ்சிருக்க ஆக்ஸைடு உருக 2,000 டிகிரிக்கு மேல வேணும், அதனாலதான் ஏசி கரண்ட் வைக்கிறாங்க, ஒரு பாதி சுழற்சி ஆக்ஸைடை ஒடச்சு சுத்தம் பண்ணும், இன்னொரு பாதி உருக்கும். வார்ப்பு அலுமினியத்துக்கு 5 சதவீதம் சிலிக்கான் கலந்த 4043 ராடு நல்லா ஒத்துப்போகும். பெயின்ட், ஆயில், உப்பு எது மிச்சம் இருந்தாலும் வெல்டுல ஓட்டை ஓட்டையா வரும், அதனால தேய்க்கிற வேலைக்குத்தான் நேரம் போகும். ஒடைஞ்ச துண்டு இல்லன்னா அதே மாடலோட வேற ஸ்கெக்கை அட்டையில வரைஞ்சு அந்த அளவுக்கு ப்ளேட் வெட்டி, ஓரத்தை வி மாதிரி சாய்ச்சு ஒட்டணும்.

கவனிக்க வேண்டியது சூடு. ஷாஃப்ட் சீல் ரப்பர், கொஞ்சம் மேலயே இருக்கு. ஆயிலை வடிச்சுட்டு ப்ளக்கைத் தொறந்து வச்சு, கொஞ்சம் வெல்டு ஆற விட்டு மறுபடி கொஞ்சம்னு போகணும், உள்ள இருக்கிறதைக் கழட்டிட்டே செஞ்சா இன்னும் நிம்மதி. எர்த் கிளாம்ப்பை ஸ்கெக்லயே மாட்டணும், தூரத்துல மாட்டுனா கரண்ட் பேரிங் வழியா ஓடி அதைப் பொரிச்சு வச்சுடும். பேட்டரி வயரையும் கழட்டிடுங்க.

வெல்டிங் வேணாம்னா மிச்சம் இருக்க ஸ்கெக் மேல மாட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கவசம், அதாவது கார்டு, கெடைக்குது. ஈஸிதான், ஆனா ரெண்டு சிக்கல் இருக்கு. உப்புத் தண்ணியில ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுட்டு இருந்தா பேட்டரி மாதிரி கரண்ட் ஓடி அலுமினியம் அரிக்கும், அதனால நடுவுல எபாக்சியோ மெரைன் சீலன்டோ நல்லா பூசி, அலுமினியத்துக்குப் பதிலா தான் கரையறதுக்குன்னே மாட்டியிருக்க உலோகத் துண்டான ஆனோடை அடிக்கடி பார்க்கணும், ஆனோடு மேல மட்டும் பெயின்ட் அடிச்சுடாதீங்க, அது கரையறதுதான் அதோட வேலை. ரெண்டாவது, ஸ்டீல் கார்டு ஒடையாது, அடுத்த தடவை பாறையில மோதுனா அடி நேரா மேல போகும். மணலும் சேறும் இருக்க எடத்துக்கு கார்டு ஓகே, பாறை உள்ள எடத்துல நான் வெல்டிங்கைத்தான் எடுப்பேன்.

வெல்டு ஆறினதும் ப்ரைமரும் பெயின்ட்டும் போடுங்க, பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க அடிக்கிற, செம்பு கலந்த ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட்டை மட்டும் அலுமினியத்து மேல போடாதீங்க, அதுவும் அரிக்கும். ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடி கியர் கேஸ்ல கொஞ்சமா காத்து அடிச்சு ப்ரெஷர் அப்படியே நிக்குதான்னு பாருங்க, எறங்குச்சுன்னா சீல் சூட்டுல போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க, அதை மாத்தாம போட்டை எறக்காதீங்க.