வகைத்திரிபு: இதில் கட்டாயம் எங்கே வந்தது?

இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'கட்டாய வகைமாற்றம்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது சிங்கப்பூரில் ஒரு பயிற்சி வகுப்புக் கையேட்டிலும் அதே தொடர். ஆங்கிலத்தில் 'டைப் கொயர்ஷன்' என்பார்கள். வளைத்து அடக்குதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையில் பிறந்த சொல். அகராதியைத் திறந்தார்கள், 'கட்டாயப்படுத்தல்' என்றிருந்தது, ஒட்டிவிட்டார்கள்.

நடப்பது என்ன? நிரலில் ஒவ்வொரு தரவுக்கும் எண், சரம் (எழுத்துகளின் கோவை) என்று ஒரு வகை உண்டு. ஒரு வகை இன்னொன்றாவதுதான் இங்கே பேச்சு. சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரக் கடை ஒன்று இணையத்தில் விற்பதாக வையுங்கள். விலைப் பெட்டியில் 100 வெள்ளி என்று தட்டினால், நிரலுக்குக் கிடைப்பது எண் அல்ல, '100' என்ற சரம். அதை 0.09 ஆல் பெருக்கினால் பொருள் சேவை வரி 9 வெள்ளி என்று சரியாகவே வரும். பெருக்கல் குறி சரத்தை எண்ணாக்கிவிடுகிறது. அந்த 9ஐ விலையோடு கூட்டுங்கள். 109 வராது, '1009' வரும். கூட்டல் குறிக்கு ஒரு பக்கம் சரம் இருந்தால் மறுபக்கத்து எண்ணும் சரமாகி ஒட்டிக்கொள்ளும். நிரலர் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றச் சொல்லவே இல்லை! அவரே 'நம்பர்' என்ற எண்ணாக்கும் கட்டளையை எழுதி மாற்றினால் அதையல்லவா கட்டாயம் எனலாம்? தேசிய சேவையைக் கட்டாயம் என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகள், யாரோ ஆணையிட்டு நடக்கும் மாற்றம் என்றுதான் இதைப் படிப்பார்கள். பொருள் தலைகீழாகிவிடுகிறது.

'மறைமுக வகைமாற்றம்' என்பாரும் உண்டு. மறைமுக வரி என்றால் ஒருவர் சுமக்க இன்னொருவர் கட்டுவது. இங்கே சுற்றுவழி ஏது?

நம் புணர்ச்சி இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: திரிபு. பொன்னோடு வளையல் சேர்ந்தால் பொன்வளையல். குடம் சேர்ந்தால் பொற்குடம். எது வந்து சேர்கிறதோ அதற்கேற்ப, விதிப்படி, யாரும் ஏவாமல் திரிகிறது. ஆகவே இது வகைத்திரிபு. நிரலர் தாமே செய்வது வகைமாற்றம். இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்க ஜாவாஸ்கிரிப்டில் இரட்டைச் சமக்குறி (==), மூன்று சமக்குறி (===) என இரண்டு உண்டு. 'இரட்டைச் சமக்குறி வகைத்திரிபுக்கு இடங்கொடுக்கும், மூன்று சமக்குறி கொடுக்காது' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு தெளிவு!

'திரித்துக் கூறுதல்' நினைவுக்கு வருமே என்கிறார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் படித்தவருக்கு வராது. வந்தாலும் கேடில்லை, வெற்றுச் சரமும் 0வும் சமம் என்று இரட்டைச் சமக்குறி சொல்லும் மொழியில் அந்த எச்சரிக்கை தேவைதான். அந்தக் கையேடோ ஒரு பக்கத்தில் 'மறைமுக', அடுத்த பக்கத்தில் 'கட்டாய' என்று ஒரே நிகழ்வுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. மாணவர் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்.