திரையில் தெரியும் மூன்றாவது தசமத்தை நம்பாதீர்கள்

இந்த வாரமும் ஒரு பெட்டி ஷாஃப்டுகள் (உருளைத் தண்டுகள்) அண்டர்சைஸ், அதாவது கேட்ட அளவைவிடச் சிறியவை என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்திருக்கின்றன. அனுப்பிய பட்டறையோ ஒவ்வொன்றையும் அளந்தே அனுப்பியதாகச் சத்தியம் செய்கிறது. அளந்தார்கள் என்பதை நம்புகிறேன். எதைக் கொண்டு, எப்போது அளந்தார்கள் என்பதே தர ஆய்வாளனான என் கேள்வி.

டிராயிங் கேட்ட விட்டம் 49.984 முதல் 50.000 மி.மீ. வரை, அதாவது 16 மைக்ரான் இடைவெளி. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான இந்த அலகுக்கு மைக்ரான் என்ற பெயரை, எடை, அளவைப் பொது மாநாடு 1967இல் தொடங்கிய தன் கூட்டத்தில் நீக்கிவிட்டது. முறையான பெயர் மைக்ரோமீட்டர். அதே பெயரில் கருவியும் இருப்பதால் பட்டறையில் மைக்ரான் என்று சொல்வதில் எனக்குச் சண்டையில்லை, சான்றிதழில் மட்டும் முறையான பெயரையே எழுதுங்கள்.

சண்டை வேறொன்றில் இருக்கிறது. திரையில் எத்தனை தசமம் தெரிகிறதோ அத்தனை நுட்பமாகக் கருவி அளக்கிறது என்ற நம்பிக்கையை எத்தனை முறை திருத்தினாலும் அது திரும்பி வருகிறது. டிஜிட்டல் வெர்னியர் (இரு தாடைகளுக்கிடையே பிடித்து அளக்கும் நழுவு அளவுகோல்) 0.01 மி.மீ. வரை காட்டும், ஆனால் அதற்கு அனுமதிக்கப்படும் பிழையே ஏறக்குறைய 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். டாலரன்ஸைவிட, அதாவது டிராயிங் அனுமதிக்கும் இடைவெளியைவிடப் பெரிய பிழையுள்ள கருவியால் அந்த ஷாஃப்டை ஏற்பதும் தள்ளுவதும் பூவா தலையா பார்ப்பதற்குச் சமம். 0.001 காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரும், அது தரமானதாகவே இருந்தாலும், ஒன்றிரண்டு மைக்ரான் தவறலாம். திருகை இறுக்கிப் பிடிப்பவர் கையில் இன்னும் கூடுதலாகவே தவறும்.

அடுத்தது சூடு. அளவுகள் அனைத்தும் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரிகிறது. கருவியைவிட 15 டிகிரி சூடாக இருக்கும் 50 மி.மீ. ஷாஃப்ட் கிட்டத்தட்ட 9 மைக்ரான் தடித்திருக்கும். கிரைண்டிங்கிலிருந்து எடுத்த கையோடு 49.990 என்று பாஸ் செய்தது, ஆறியதும் 49.981 ஆகி ரிஜெக்ட் ஆகிறது. கருவியும் வேலைத்துண்டும் எஃகாக இருந்து, ஒரே வெப்பத்தில் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அலுமினியத்தில் அதுவும் நடக்காது, ஏனெனில் அது ஏறக்குறைய இரு மடங்கு விரியும்.

ஆகவே துண்டை ஆறவிடுங்கள். அளக்கும் முகங்களை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவு தெரிந்த எஃகுத் துண்டு) வைத்துக் கருவியைச் சரிபாருங்கள். மைக்ரோமீட்டரில் ராட்செட்டை (அளவான அழுத்தத்துக்கு மேல் வழுக்கிச் சுற்றும் முனைக் குமிழை) திருகாமல் திம்பிளை (சுழலும் உருளைப் பிடியை) பிடித்து முறுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். டிராயிங்கில் மைக்ரான் கேட்டிருந்தால் வெர்னியரைத் தயவுசெய்து பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.