பல்பை மாற்ற வருகிறவர்களுக்கு

போன கிழமை மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கராச்சுக்கு வந்தார்கள். டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு வயர் கருகியிருந்தது. வேகம் காட்டுகிற நடு மீற்றரின் முகப்புப் பெயின்ற் கொப்பளித்திருந்தது. கதவைத் திறந்தால் எரிந்த றப்பர் மணம். இந்த வருடத்தில் இது நான்காவது கார். நாலு சொந்தக்காரர்களும் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: இரவில் மீற்றர் கொஞ்சம் தெளிவாகத் தெரியவேண்டும்.

ஆசையில் பிழையில்லை. ஏ9 வீதியில் இரவில் ஓடுகிறவருக்கு மீற்றர் தெரியத்தான் வேண்டும். அதுவும் இந்தக் கார்களில் மைல் கணக்கு. நகருக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்றால் முள் 43க்கும் 44க்கும் இடையில் நிற்கவேண்டும், ஊருக்குள் 50 என்றால் 31இல். மங்கலில் இதைக் குத்துமதிப்பாகப் பார்த்து ஓடிவிட்டுப் பொலிசாரிடம் மைல் கணக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது.

போன கிழமை வந்த காரின் சொந்தக்காரர் முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒருவர். கல்யாணங்களுக்குப் பூக்கட்டி ஓடுகிற கார். மருமகன் பொடியன் வாட்ஸ்அப்பில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறான். பழைய பல்ப் 2.2 வாற், "இது காணாது" என்று முடிவெடுத்திருக்கிறான். ஜப்பான் வாகனங்களின் பார்க் லைற்றில் வருகிற 5 வாற் பல்ப் இரண்டு வாங்கி, அதன் ஹோல்டர் போகாததால் மீற்றரின் பின்பக்க ஓட்டையை அரத்தால் பெருப்பித்துச் செருகியிருக்கிறான். (அந்த ஓட்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.) அப்படியும் வெளிச்சம் பெரிதாகக் கூடவில்லை. "கரண்ட் காணாமல் இருக்கு" என்று அடுத்த முடிவு. பற்றறியிலிருந்து நேரே வருகிற பிரவுன் வயரில் அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய மணி வயர் ஒன்றை முறுக்கி, இன்சுலேசன் ரேப் சுற்றி, பல்புக்குக் கொண்டுபோயிருக்கிறான். அந்த மணி வயர் டாஷ்போட் தகரத்தின் கூரான விளிம்பில் உரசி உரசி, ஒட்டுசுட்டானில் கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில் புகைந்திருக்கிறது. பொம்பிளையும் மாப்பிளையும் முதலே இறங்கிவிட்டார்கள், அது புண்ணியம்.

எல்லோரும் நம்புகிற பொய் ஒன்று இருக்கிறது: வெளிச்சம் மங்கல் என்றால் பல்ப் சின்னது. இதை எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை, இன்னொரு தரம் சொல்கிறேன். அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அதே 2.2 வாற் பல்புதான் இருந்தது. அப்போது மீற்றர் தெரிந்தது. பல்ப் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

பாதை மாறியிருக்கிறது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது, ஆனால் உங்கள் வாய்க்காலில் புல் அடைத்திருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? வாய்க்காலைத் துப்புரவாக்குவீர்களா, இல்லை இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து வயலைப் பெருப்பிப்பீர்களா? பெரிய வாற் பல்ப் போடுவது வயலைப் பெருப்பிக்கிற வேலை. பெரிய பல்ப் கூடக் கரண்ட் இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு ஒன்றில் கூடக் கரண்ட் ஓடினால் அங்கேயே கூட வோல்ற் விழும். பல்புக்கு மிஞ்சுகிற வோல்ற் முந்தியதிலும் குறைவு. பல்ப் பெரிதென்பதால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், சூடு நிறையக் கூடும். அந்தப் பொடியன் கண்டதும் அதுதான்.

கணக்காகவே சொல்கிறேன். இழைப் பல்ப் வோல்ற்றுக்கு நேர் விகிதத்தில் ஒளி தருவதில்லை. 12 வோல்ற் பல்புக்கு 10.5 வோல்ற் போனால் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 10 போனால் பாதிக்குக் கிட்ட. இரண்டே இரண்டு வோல்ற்றை வழியில் தொலைத்தால் போதும், மீற்றர் அரைக் குருடு.

எங்கே தொலைகிறது? நான் பார்த்த கார்களில் பெரும்பாலும் எர்த்தில், அதாவது காரின் இரும்பு உடல் (பொடி) வழியாகக் கரண்ட் பற்றறிக்குத் திரும்புகிற பாதையில். ஹோல்டரின் தகரம் மீற்றரின் கூட்டைத் தொடவேண்டும், கூடு டாஷ்போட்டைத் தொடவேண்டும், டாஷ்போட் பொடியைத் தொடவேண்டும். மூன்று இடத்திலும் அறுபது மாரி மழையின் துரு. இங்கே மாரி முடிந்தால் புழுதி. பல கார்கள் சண்டைக் காலத்தில் வருடக்கணக்காக மாமரத்துக்குக் கீழே கிடந்தவை. டாஷ்போட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியதையும், எலி வயரின் தோலைக் கடித்துத் தின்றதையும் நான் கண்டிருக்கிறேன். ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் எலியின் குடும்பமே இருந்தது.

இன்னொன்று வன்னிக்கே உரியது. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத நேரம் இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராற் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்தில் வயரும் வராது. கிடைத்ததைப் போட்டோம். ரெலிபோன் வயர், மணி வயர், சைக்கிள் டைனமோ வயர். நானும் போட்டிருக்கிறேன். அப்போது அது திறமை, வேறு வழியிருக்கவில்லை. அதே முறுக்கு இப்போதும் டாஷ்போட்டுக்குள் இருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிய பியூஸையும் அதோடு சேர்த்து எறியுங்கள். இந்தக் கார்களில் பலவற்றில் இருப்பதே இரண்டு பியூஸ்தான், லைற்றுகளுக்கு அதுவும் இல்லை. பிரவுன் வயரில் பிழை வந்தால் நிறுத்துவதற்கு ஒன்றுமே கிடையாது. வயர்தான் பியூஸ்.

இந்தக் கார்களுக்கு மின்சாரச் சாமான் செய்த லூக்காஸ் நிறுவனத்தை ஆங்கிலேயர்கள் "இருளின் இளவரசன்" என்று பகிடி பண்ணுவார்கள். பாவம் லூக்காஸ். அவர்கள் செய்த வயறிங்கில் நாலு தலைமுறை கை வைத்துவிட்டு அவர்களைப் பேசுகிறோம்.

சரி, என்னதான் செய்வது? வோல்ற் அளக்கிற மல்ரி மீற்றர் ஒன்று எடுங்கள். லைற்றைப் போட்டுவிட்டு, ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மற்றதை மீற்றரின் கூட்டிலும் வையுங்கள். ஏறக்குறைய பூச்சியம் காட்டவேண்டும். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நோய் பிடிபட்டது. கூட்டில் உள்ள திருகாணியிலிருந்து பொடிக்குப் புதிதாக ஒரு எர்த் வயர் இழுத்து, பொடியில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்குங்கள். அரை மணித்தியால வேலை. எர்த் சரியென்றால் மற்றப் பக்கம் பாருங்கள். மீற்றருக்கு வெளிச்சம் தருகிற பனல் லைற் சுவிச்சின் முனைகள் பச்சை பிடித்திருக்கும். மங்கலாக்குகிற திருகு சுவிச் இருந்தால் அதன் கம்பிச்சுருள் அழுக்கேறியிருக்கும், பத்துத் தரம் இரண்டு பக்கமும் திருப்பினாலே சில வேளை உயிர் வரும். சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர்தான் பனல் லைற்றுக்குப் போவது. அதில் 2 அம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் போடுங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து அரை அம்பியர்கூட இழுப்பதில்லை, தாராளமாகக் காணும்.

பிறகு மீற்றரின் உள்பக்கம். இதை ஒருவரும் நினைப்பதில்லை. கூட்டின் உட்சுவருக்கு வெள்ளை பூசித்தான் விட்டிருந்தார்கள், பல்பின் ஒளி அதில் பட்டுத்தான் முகப்புக்கு வருகிறது. இப்போது அது எங்கள் வீட்டு அடுப்படிச் சுவர் நிறம். பளபளப்பில்லாத வெள்ளை பூசிப் பாருங்கள், பல்பே மாற்றவேண்டாம். ஆனால் முகப்பில் உள்ள எழுத்துகளைப் பெற்றோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். ஒருவர் துடைத்தார். இப்போது அவருக்கு 30 இல்லை, 50 இல்லை, வெறும் முள் மட்டும் இருக்கிறது. முள்ளில் விரல் படவே கூடாது. இன்னொரு விஷயம், பழைய இராணுவ ஜீப்புகளின் சில மீற்றர்களில் எழுத்துக்கு ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். இப்போது ஒளிராது, ஆனால் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. பழுப்பேறிய தடித்த பூச்சைக் கண்டால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், கண்ணாடியைத் திறக்காமலே விடுங்கள்.

இனி எல்ஈடி. எல்ஈடிக்கு நான் எதிரி இல்லை, என் காரிலும் இரண்டு இருக்கிறது. குறைந்த கரண்ட், சூடு மிகக் குறைவு. ஆனால் கடையில் வாங்கி வந்து, போட்டு, எரியவில்லை என்று கடைக்காரரோடு சண்டைபிடிக்க முதல் உங்கள் காரைப் பாருங்கள். அறுபதுகளின் பிற்பகுதி வரை வந்த இங்கிலாந்துக் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில் பூட்டியிருக்கும். சாதாரண எல்ஈடிக்குப் பக்கம் உண்டு, மாறிக் கிடந்தால் எரியாது. பற்றறியின் எந்த முனை பொடியில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், புத்தகத்தை நம்பவேண்டாம், இடையில் யாரும் மாற்றியிருக்கலாம். இரண்டு பக்கமும் வேலை செய்கிற எல்ஈடி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நுனியில் மட்டும் ஒளி வருவது வேண்டாம், நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று தெரிந்து ஓரம் இருட்டாகவே இருக்கும். சுற்றிவர ஒளி வருவதைப் பாருங்கள். நிறம் மஞ்சள் கலந்த வெள்ளை. நீல வெள்ளை போட்டால் கார் ரெலிபோன் கடை மாதிரி இருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன், சார்ஜ் ஆகிறதைக் காட்டுகிற சிவப்பு லைற்றில் எல்ஈடி போடாதீர்கள். பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் ஓல்ரனேற்றர் பூட்டிய கார்கள் இங்கே நிறைய. அதில் அந்தச் சின்னப் பல்ப் ஊடாகப் போகிற கரண்ட்தான் ஓல்ரனேற்றரை எழுப்பிவிடுவது. எல்ஈடி போட்டால் அந்தக் கரண்ட் காணாது. எஞ்சினை நன்றாக இரைய விட்டால்தான் சார்ஜ் தொடங்கும், சிலவேளை தொடங்கவே தொடங்காது. இப்படி ஒருவர் மூன்று மாதத்தில் இரண்டு பற்றறி மாற்றிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பற்றறிக்காரரைப் பேசிப் பேசியே வந்தார். கழற்றிப் பார்த்தால் ஒரு சின்ன எல்ஈடி. அந்த இடத்தில் பழைய 2.2 வாற் திருகு பல்ப் போடுங்கள், லூக்காஸ் இலக்கம் 987.

வெளிச்சத்தில் பேராசையும் வேண்டாம். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் யானை நிற்கும். ஏ9இல் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும், கறுத்த மாடு கறுத்த தாரில். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும். முகத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு மீற்றர் எரிந்தால் அந்தப் பழக்கம் வருவதே இல்லை. முள்ளும் எண்ணும் தெரிந்தால் காணும். எல்லாம் செய்தும் தெரியவில்லையென்றால், காருக்கு மட்டும் வயது போகவில்லை ஐயா, ஒருக்கால் கண்ணையும் காட்டுங்கள். கோபிக்கவேண்டாம், என் கராச்சுக்கு "மீற்றர் மங்கல்" என்று வந்த இரண்டு பேருக்குக் கண்புரை (கற்றரக்ற்).

கை வைக்கிறதென்றால், பற்றறியைக் கழற்றாமல் டாஷ்போட்டுக்குப் பின்னால் கை விடாதீர்கள். "சின்ன வேலைதானே" என்ற கதை வேண்டாம். எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், பொசிற்றிவ் எர்த் காரில் அது பொசிற்றிவ். கையிலிருக்கிற மோதிரத்தையும் கழற்றுங்கள். வயரின் தோல் கையில் உதிர்ந்தால் அதோடு வேலையை நிறுத்திவிட்டு வயரை மாற்றுகிறவரிடம் போங்கள், ரேப் சுற்றி மூடாதீர்கள். தகரத்தின் ஓட்டையால் வயர் போனால் றப்பர் வளையம் போடுங்கள். புகை கண்டால் காரை ஓரம் கட்டி, ஆட்களை இறக்கி, பிறகு பற்றறியைப் பாருங்கள். இறங்கி நின்று வீடியோ எடுக்கவேண்டாம்.

அந்த முள்ளியவளைக் காருக்கு வயறிங் முடிந்துவிட்டது. எர்த் புதிது, உள்ளே வெள்ளைப் பூச்சு, பழைய வாற்றில் இரண்டு பல்ப். நேற்று இரவு ஐயாவை இருத்திக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் இதை வாங்கின காலத்தில இப்பிடித்தான் இருந்தது" என்றார். மருமகன் பின்னால் நின்றான், ஒன்றும் பேசவில்லை. அவனைத்தான் எர்த் வயரை இறுக்கவிட்டேன், நன்றாகவே இறுக்கினான்.

கொப்பளித்த முகப்புக்குத்தான் இன்னும் வழியில்லை. ஓட்டையைப் பெருப்பித்த கூடும் சரிவராது. யாருடைய வளவிலாவது மைனரின் நடு மீற்றர் ஒன்று கிடந்தால் சொல்லுங்கள். முள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, முகப்பும் கூடும் முழுதாக இருந்தால் காணும். தயவுசெய்து துடைத்துவிட்டுக் கொண்டுவராதீர்கள்.