ஆர்.வி.க்கு ஜெனரேட்டர் போட்டால் நியூட்ரலும் எர்த்தும் எங்கே சேர வேண்டும்?

போன கோடையில் வாடகைக்கு எடுத்த ஆர்.வி.யை (உள்ளேயே சமைத்துப் படுத்துத் தங்கும் வண்டி), கரண்ட் வசதி இல்லாத ஒரு முகாமில் நிறுத்திச் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் செருகினோம். ஜெனரேட்டர் நன்றாக ஓடியது, ஆனால் ஏசி ஓடவில்லை. நடுவில் மாட்டியிருந்த சர்ஜ் புரொடெக்டர் (மின்சாரக் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) 'எர்த் இல்லை' என்று காட்டி மின்சாரத்தை உள்ளே விட மறுத்தது. பக்கத்து வண்டிக்காரர் சொன்னபடி ஒரு எர்த் ராடைத் தரையில் அடித்து வயர் கட்டினோம். ஒன்றும் மாறவில்லை. ஏன் என்று பிறகுதான் விதியைப் படித்துப் புரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் இதற்கான விதி, என்.இ.சி. எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்பில் இருக்கிறது. 3 ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள்; மாநிலமோ ஊரோ ஏற்றுக்கொண்ட பிறகே அது சட்டமாகும். ஆர்.வி.க்கு உரியது 551-ஆம் பிரிவு. அது கறாராகச் சொல்வது இதுதான்: வண்டிக்குள் உள்ள பேனலில் நியூட்ரல் வேறு, எர்த் வேறு. இரண்டையும் அங்கே சேர்க்கக் கூடாது. மின்சாரம் வருகிற இடத்தில்தான் சேர வேண்டும், அதுவும் ஒரே இடத்தில்.

காரணம் எளிது. பேஸ் வயர் உரசி வண்டியின் உலோக உடம்பில் பட்டால், அந்த மின்சாரம் எர்த் வயர் வழியாக, மின்சாரம் தரும் மூலத்தின் நியூட்ரலுக்கு வெள்ளம் போலத் திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் பிரேக்கர் விழும். முகாமில் கரண்ட் எடுக்கும்போது அந்த நியூட்ரல்-எர்த் இணைப்பு முகாமுக்கு மின்சாரம் வந்து சேரும் மெயின் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டிக்குள்ளும் சேர்த்துவிட்டால், நியூட்ரலில் போக வேண்டிய கரண்ட் எர்த்திலும் வண்டியின் உடம்பிலும் பங்கு போட்டுக்கொண்டு ஓடும். வெளியே இருந்து வரும் நியூட்ரலும் எர்த்தும் விட்டுப்போனால் வண்டியின் உடம்பே 120 வோல்ட் ஆகிவிடும். ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப்பிடியைத் தொடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

சரி, ஜெனரேட்டர் விஷயத்துக்கு வருவோம். ஹோண்டா ஈயு2200ஐ போன்ற சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுமார் 60 வோல்ட் காட்டும். ஒரு டிரில்லிங் மெஷினை மட்டும் ஓட்டினால் நியூட்ரல் இப்படி மிதப்பது பரவாயில்லை. ஆர்.வி. மாதிரி முழு வயரிங்குக்குக் கொடுக்கும்போது, முதல் பழுது வந்தாலும் பிரேக்கருக்குத் தெரியாது. சர்ஜ் புரொடெக்டர் மறுத்ததும் அதனால்தான்.

இதற்குப் பலரும் வைத்திருப்பது பாண்டிங் பிளக். சாதாரண 15 ஆம்பியர் மூணு பின் பிளக். உள்ளே வெள்ளி நிற (நியூட்ரல்) ஸ்க்ரூவுக்கும் பச்சை (எர்த்) ஸ்க்ரூவுக்கும் ஒரு துண்டு வயர், பித்தளை நிற (பேஸ்) ஸ்க்ரூவில் எதுவுமே கிடையாது. ஜெனரேட்டரில் மிச்சமுள்ள சாக்கெட்டில் செருகினால் நியூட்ரலும் எர்த்தும் மூலத்திலேயே சேர்ந்துவிடும். செய்யத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வயர் மாறினால் ஆபத்து. பிளக்கின் மேல் பெரிய எழுத்தில் அதன் வேலையை எழுதி ஒட்டிவையுங்கள்.

செருகும் முன் ஜெனரேட்டரை அணைத்து, சாக்கெட்டின் நியூட்ரல் ஓட்டைக்கும் எர்த் ஓட்டைக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டினியுட்டி (இரண்டும் உள்ளே இணைந்திருக்கிறதா என்று) பாருங்கள். பீப் வந்தால் உள்ளேயே இணைப்பு இருக்கிறது, பிளக் வேண்டாம். வீட்டு பேனலுக்குக் கொடுக்கும்போதும், நியூட்ரலைத் துண்டிக்காத டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (வீட்டை மெயின் லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) என்றால், பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். அங்கே மெயின் பேனலிலேயே இணைப்பு இருக்கிறது.

அப்புறம் அந்த எர்த் ராடு. ஜெனரேட்டரின் சொந்த சாக்கெட்டில் வண்டியின் வயரைச் செருகி மட்டும் பயன்படுத்தினால், சாக்கெட்டின் எர்த் ஜெனரேட்டரின் உலோகச் சட்டகத்தோடு சேர்ந்திருக்கும் வரை, ராடு தேவையில்லை என்று அதே விதித்தொகுப்பின் 250.34 சொல்கிறது. நல்ல மண்ணில் அடித்த ராடுக்குக்கூட 25 ஓம் இருக்கலாம். 120-ஐ 25-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர், 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. மிதக்கும் நியூட்ரலில் அந்த அளவு கரண்ட் கூடத் திரும்ப வழியில்லை. நாங்கள் வியர்க்க வியர்க்க அடித்த ராடு அன்று மண்ணில் சும்மா நின்றதற்குக் காரணம் அதுதான்.