கனெக்ட் ஆகியிருக்கு, சரி. கெப்பாசிட்டர் ஏன் அவ்வளவு தூரத்தில்?

இந்த வருஷம் இது ஐந்தாவது போர்டு. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர், 3 ஆம்பியர். கொண்டுவந்த தம்பி முதலில் நீட்டியது சர்க்யூட் படத்தைத்தான். "டேட்டாஷீட்ல இருக்கிறத அப்படியே போட்டிருக்கேன் சார். வாரத்துக்கு ஒரு ஐசி போகுது. இஎம்ஐ டெஸ்ட்லயும் ஃபெயில்." (வங்கித் தவணை இல்லை, போர்டு வெளியே கிளப்பும் மின்காந்த இடையூறு.)

படத்தில் குறையே இல்லை. போர்டைப் பார்த்தேன். இன்புட் கெப்பாசிட்டர் ஐசியை விட்டு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கனெக்டர் ஓரமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஏன் அங்கே என்றேன். "அங்கதான் இடம் இருந்துச்சு. கனெக்ட் ஆகியிருக்கே சார்?"

எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவது இந்த வாக்கியத்தில்தான்.

மல்டிமீட்டர் பீப் அடித்தால் அது டிசிக்கு மட்டுமே உண்மை. கன்வெர்ட்டரின் மேல்பக்கச் சுவிட்ச், அதாவது இன்புட்டை இணைத்து விடுவது, சில நானோசெகண்டில் திறந்து மூடுகிறது. இன்புட் கெப்பாசிட்டர், சுவிட்சாக வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட், கிரவுண்ட் வழியாகத் திரும்பும் பாதை ஆகிய இந்தச் சுற்றில் மின்னோட்டம் சுழியிலிருந்து 3 ஆம்பியருக்குத் தாவுகிறது. ஒரு மில்லிமீட்டர் டிராக்குக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம். அகலமான டிராக் என்று சலுகை கொடுத்து, போக வர 20 நானோஹென்றி என்றே வைப்போம். 5 நானோசெகண்டில் 3 ஆம்பியர் மாறினால் 12 வோல்ட் ஸ்பைக். ஏற்கெனவே இருக்கிற 12-உடன் சேர்த்தால் 24. உங்கள் ஐசி தாங்குவது 18. வாரத்துக்கு ஒன்று போகாமல் என்ன செய்யும்? ஸ்பைக்கோடு முடிவதுமில்லை. நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். டெஸ்ட் அறையின் ஆன்டெனா பிடிப்பது அதைத்தான்.

"கெப்பாசிட்டரைப் பெரிசாக்கியும் பார்த்துட்டேன் சார், 470 மைக்ரோஃபாரட்." பந்தியில் ஒருவருக்கு விக்கல். இலைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். மண்டபத்து வாசலில் லாரித் தண்ணீர் நின்று என்ன பயன்? இன்னொருவர் கெப்பாசிட்டருக்கும் ஐசிக்கும் நடுவில் ஃபெரைட் பீட் (நாய்ஸை அடக்கும் சின்ன இண்டக்டர் மாதிரி) வைத்திருந்தார். இண்டக்டன்ஸ் வேண்டாம் என்று கதறும் இடத்தில் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறார்!

ஆகவே, கண்ணுகளா, ரூட்டிங்கைத் தொடும் முன் இன்புட் செராமிக் கெப்பாசிட்டரை வையுங்கள். ஐசி இருக்கும் அதே லேயரில், பின்னை ஒட்டி, வியா (லேயர்களை இணைக்கும் துளை) இல்லாமல். சின்ன 100 நானோஃபாரட் எல்லாவற்றிலும் நெருக்கமாக, அப்புறம் 10 மைக்ரோ. (சின்ன பேக்கேஜ் என்றால் டிசி பயஸ் வளைவை, அதாவது வோல்டேஜ் ஏற ஏறக் கெப்பாசிட்டன்ஸ் எவ்வளவு குறைகிறது என்ற வரைபடத்தை, பாருங்கள். 10 என்று வாங்கியது 12 வோல்ட்டில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.) வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் என்றால் இந்த மரியாதை அவுட்புட் கெப்பாசிட்டருக்கு.

இரண்டாவது லேயரில் கிரவுண்டை வெட்டாதீர்கள். பவர் கிரவுண்ட், சிக்னல் கிரவுண்ட் என்று பாகப்பிரிவினை செய்து எங்கோ ஒரு மூலையில் சேர்க்கும் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்களோ. திரும்பும் மின்னோட்டம் டிராக்குக்கு நேர் கீழேதான் வர விரும்பும், மறித்தால் சுற்றி வரும்.

இரண்டு மாஸ்ஃபெட்டும் இண்டக்டரும் சேரும் சுவிட்ச் நோடின் செம்பைச் சூடு தணிக்கவென்று பரப்பாதீர்கள், அது ஆன்டெனா. சூட்டைக் கிரவுண்ட் செம்பில் இறக்குங்கள். அவுட்புட் வோல்டேஜை ஐசிக்குச் சொல்லும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் ஐசியின் ஃபீட்பேக் பின்னுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அந்த டிராக்கை அவுட்புட் கெப்பாசிட்டரிலிருந்து எடுங்கள், இண்டக்டருக்கு அடியில் ஓட்டாதீர்கள். நாய்ஸ் என்று புலம்பும் முன் தயவுசெய்து ஸ்கோப் புரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றி, முனையிலேயே குட்டையான கிரவுண்ட் ஸ்பிரிங் மாட்டுங்கள். பாதி நாய்ஸ் அந்த வயரில்தான்.

தம்பியின் போர்டில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, ஐசியின் கால்களிலேயே இரண்டு செராமிக்கைச் சால்டர் செய்தேன். ஸ்பைக் படுத்துவிட்டது. ஸ்கோப் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டவரிடம், அடுத்த ரிவிஷனில் திருத்திவிடுங்கள் என்றேன்.

"இருநூறு போர்டு அசெம்பிள் ஆகி வந்துடுச்சு சார்."