சோடா மூடியும் மலேரியாவும்

சோடா பாட்டில் மூடியைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விளையாடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். நூலின் இரு முனைகளையும் விரல்களில் மாட்டிக்கொண்டு, மூடியைச் சுழற்றி முறுக்கேற்றி, இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தால் 'விர்ர்' என்று சுற்றும். மூடி கிடைக்காத வீட்டில் சட்டைப் பொத்தான். தாளம் பிடிபட்டதும் நூல் ரப்பர்போல விரல்களை உள்ளே வாங்கும். நாம் அதை இழுக்கிறோமா, அது நம்மை இழுக்கிறதா என்றே தெரியாது.

ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகள் கையில் சுற்றிவரும் இந்தப் பொருள், சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. அதற்குக் காரணம் ஒரு கதவு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மனு பிரகாஷ் 2013-இல் உகாண்டா போயிருந்தார். அங்கே ஒரு சுகாதார நிலையத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த பொருள், ஒரு சென்ட்ரிஃபியூஜ். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம். அது பழுதாகவில்லை. அந்த இடத்தில் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது, இயந்திரம் அங்கே *இருந்தது* என்பதே. விலை கொடுத்தோ நன்கொடையாகவோ எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. பாதி விலைக்கு இன்னொன்று செய்து அனுப்பியிருந்தாலும் இன்னொரு கதவுக்குத்தான் ஆகியிருக்கும். அதை வடிவமைத்தவர் மனதில் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. சீரான வோல்டேஜ் இருந்தது. மோட்டார் புகைந்தால் வந்து பார்க்க ஒரு மெக்கானிக் இருந்தார். மூன்றும் அந்தச் சுகாதார நிலையத்தில் இல்லை. 'மலிவு விலைப் பதிப்பு' என்ற பெயரில் ஏழை நாடுகளுக்குச் செய்யப்படும் பல கருவிகள் தோற்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். விலையைக் குறைப்பார்கள், பிளக்கை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

அந்த இயந்திரம் செய்யும் வேலை என்ன? லேபில் ஈ.எஸ்.ஆர். பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். உறையாமல் மருந்து கலந்த இரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளியும். சிவப்பணு பிளாஸ்மாவைவிடக் கொஞ்சம்தான் கனம்: பிளாஸ்மாவின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிராம், சிவப்பணுவுக்கு 1.1. வித்தியாசம் சொற்பம் என்பதால் பூமியின் இழுவையை மட்டும் நம்பினால் ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். முழுதாகப் பிரியும்வரை நோயாளியைக் காக்கவைக்க முடியாது.

இழுவையைக் கூட்டினால் வேலை விரைவாக முடியும். பூமியின் இழுவையை நம்மால் கூட்ட முடியாது, சுழற்ற முடியும். பேருந்து வளைவில் திரும்பும்போது நம்மை வெளிப்பக்கம் சாய்க்கும் அதே விளைவுதான். அதன் அளவு சுழற்சி ஆரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வேகத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி இருக்கும் இரத்தத்துளியை நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், பூமி இழுப்பதைப்போல ஏறத்தாழ 4,500 மடங்கு விசையை அது உணரும். வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மின்சாரமில்லாமல், வெறுங்கையால், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று எப்படிக் கிடைக்கும்?

முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். 2008-இல் முட்டை அடிக்கும் கைக்கருவியில் குழாயைக் கட்டிச் சுற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது; நிமிடத்துக்கு 1,200 சுற்று கிடைத்தது. காய்கறி அலசி நீர் வடிக்கும் சுழல்கூடையையும் மாணவர்கள் சிலர் சோதித்தார்கள். அதிலும் வேகம் போதவில்லை. எடுத்துச் செல்லவும் வசதியாக இல்லை. பிரகாஷும், அவரிடம் ஆய்வாளராக இருந்த சாத் பாம்லாவும் யோயோவைக்கூட முயன்றார்கள். நன்றாகவே சுற்றும், ஆனால் யோயோ விடுவது எல்லோருக்கும் கைவராது. பாம்லா சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். இந்த நூல் விளையாட்டை அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு 10,000 முதல் 15,000 சுற்று வரை தெரிந்தது. தேடிய எண் பிள்ளைகள் கையிலேயே இருந்திருக்கிறது.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். குழந்தையை உட்காரவைத்து இரண்டு கயிறுகளையும் முறுக்கினால் பலகை மேலே ஏறும், ஏனென்றால் முறுக்கு ஏற ஏறக் கயிறு குட்டையாகும். விட்டால் குழந்தையின் எடை கயிற்றை நீட்டப் பார்க்கும். நீள வேண்டுமானால் முறுக்கு அவிழ வேண்டும். அவிழும்போது பலகை சுற்றும். முறுக்கு முழுதும் அவிழ்ந்த பிறகும் சுழற்சி நிற்காது. அந்த வேகத்திலேயே கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு பலகையை மறுபடி தூக்கும்.

நூல் விளையாட்டில் குழந்தையின் எடைக்குப் பதில் நம் கை இழுவை. இழுக்கும்போது முறுக்கு அவிழ்கிறது, வட்டு வேகமெடுக்கிறது. நூல் நேராகும் கணத்தில் வேகம் உச்சம். அப்போது கையைத் தளர்த்தினால், ஓடுகிற வட்டே நூலை மறுபக்கம் முறுக்கி விரல்களை உள்ளே வாங்கிக்கொள்ளும். ரப்பர்போலத் தோன்றியது இதுதான். அடுத்த இழுப்பு, அடுத்த சுழற்சி.

ஆனால் கை ஒரு நொடிக்கு ஓரிரு முறைதானே போய்வரும்? அந்த மெதுவான அசைவு நொடிக்கு நூற்றறுபது, இருநூற்றைம்பது சுற்றாக மாறுவது நூலின் மெலிவால். கனமான வடக்கயிற்றில் சில திருகுகளுக்கு மேல் ஏறாது. மெல்லிய நூலில் அதே நீளத்துக்குள் எத்தனையோ திருகுகள் அடங்கும். இடம் முழுதும் நிறைந்த பிறகும் முறுக்கினால் நூல் தன்மேலேயே சுருண்டு, திருகின்மேல் திருகாக ஏறும். ஈரத்துணியை அளவுக்கு மேல் பிழிந்தால் அது வளைந்து முண்டும் முடிச்சுமாகச் சுருளுமே, அதேதான். நம் உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழையும் இப்படிச் சுருள்மேல் சுருளாகத்தான் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு திருகும் வட்டுக்கு ஒரு சுற்று. பல்சக்கரங்கள் கொண்ட கியர் பெட்டி செய்ய வேண்டிய வேலையை இரண்டு முழ நூல் செய்துவிடுகிறது.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். வட்டு ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் சுற்றுகிறதே, பிரிந்த இரத்தம் திரும்பக் கலந்துவிடாதா? கலக்காது. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுற்றும் திசை அதற்குப் பொருட்டே இல்லை. இடமோ வலமோ, சிவப்பணுவை அது வெளிப்பக்கம்தான் தள்ளும். திசை மாறும் கணத்தில் விசை காணாமல் போகிறது, உண்மைதான்; அந்த நொடித்துணுக்கில் திரும்பி நகர அணுவுக்கு நேரமில்லை.

பாம்லாவும் உடன் உழைத்த மாணவர்களும் இதைக் கணிதமாக எழுதி, வட்டின் அளவு, நூலின் தடிமன், கையின் இழுவை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வட்டு பெரிதானால் காற்றின் தடை கடுமையாக ஏறி வேகத்தைத் தின்னும். சிறிதானால் வேகம் கூடும், ஆனால் ஆரம் குறையும். இந்த இழுபறியில் அவர்கள் எட்டிய உச்சம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. 2017 ஜனவரியில் ஆய்வு வெளியானது. 'பேப்பர்ஃபியூஜ்' என்று பெயரிட்டார்கள். காகித வட்டு, நூல், கைப்பிடிக்கு மரத்துண்டு அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டு. இரத்தம் அடங்கிய நுண்குழாய்கள், உடைந்தாலும் சிதறாதபடி உறிஞ்சுகுழாய்த் துண்டுகளுக்குள் அடைக்கப்பட்டு வட்டின் இருபக்கமும் எதிரெதிரே அமர்ந்திருக்கும். எடை 2 கிராம். செலவு 20 அமெரிக்க சென்ட், அன்றைய மதிப்பில் பதினான்கு ரூபாய்க்குள்.

ஒன்றரை நிமிடம் இழுத்தால் பிளாஸ்மா தெளிந்துவிடும். குழாயில் சிவப்பு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்து அளந்தாலே இரத்தசோகை உண்டா இல்லையா என்று சொல்லலாம்.

மலேரியாவுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும், ஆனால் அதில் உள்ள அறிவு எனக்கு மிகவும் பிடித்தது. கிருமி புகுந்த சிவப்பணு, புகாததைவிடச் சற்று இலேசாகிவிடும். சுழற்றும்போது மற்றவை அடியில் போக, இவை மேல்பக்கம், சிவப்புக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவே மெல்லிசாக நிற்கும் வெள்ளணு அடுக்கின் ஓரத்தில் வந்து கூடும். லட்சக்கணக்கான அணுக்களுக்கு நடுவே தேடவேண்டிய கிருமி ஒரே கோட்டில் வந்து நிற்கிறது. பிறகு டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் ஒரு சாயம். மனிதச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, ஆகவே டி.என்.ஏ.வும் கிடையாது. சிவப்பணுவுக்குள் ஏதாவது ஒளிர்ந்தால் அது கிருமியேதான்.

ஆனால் ஒளிர்வதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும், சாயம் வேண்டும். இவை பதினான்கு ரூபாய்க் கணக்கில் வரவில்லை. காத்திருக்கும் கூட்டம் நாற்பது பேர் என்றால், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் நூல் இழுக்க எந்தச் செவிலியரால் முடியும்? மின்சாரச் சென்ட்ரிஃபியூஜ் ஒரே ஓட்டத்தில் இருபது முப்பது குழாய்களைச் சுற்றிவிடும். அது உள்ள இடத்தில் காகித வட்டுக்கு வேலையே இல்லை. மின்கம்பி போய்ச் சேராத ஊரில், முதுகுப்பையோடு நடந்துபோகும் சுகாதாரப் பணியாளருக்குத்தான் இது. அந்த எண்ணத்தில்தான் மடகாஸ்கருக்குக் கொண்டுபோய்க் களப்பணியாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரகாஷின் முந்தைய படைப்பான ஃபோல்ட்ஸ்கோப் என்னும் மடிப்புக் காகித நுண்ணோக்கி, பத்து லட்சத்துக்கும் மேல் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் நோய் கண்டறிவதைவிடப் பிள்ளைகள் குளத்து நீரைப் பார்த்து வியப்பதற்கே அது அதிகம் பயன்பட்டது.

பாம்லா பிறகு ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரது குழு 2020-இல் வெளியிட்ட கருவிக்கு விலை 23 சென்ட். பாக்டீரியாவின் மேல்சவ்வில் மின்னதிர்ச்சியால் நுண்துளை போட்டு மரபணுவை உள்ளே செலுத்துவது அதன் வேலை. வழக்கமாக இதற்கு ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள கருவி வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது, அழுத்தினால் 'டிக்' என்று பொறி தெறிக்கும் சாதாரண லைட்டர்.