கேரியர்னு ரிப்போர்ட்ல வந்தா என்ன அர்த்தம்?

தலசீமியாங்கற பரம்பரை ரத்த வியாதிக்குக் கேரியர்னு ரிப்போர்ட்ல ஒரு வரி வந்தாப் போதும், சில குடும்பம் ஆடிப்போயிடுது, சில குடும்பம் அந்தப் பேப்பர பீரோவுல போட்டுப் பூட்டிடுது. ரெண்டும் வேணாம். அரூர் பக்கம் குழந்தைங்க டாக்டரா இருக்கேன், ஓபில இந்த ஒரு வார்த்தைய புரிய வைக்கவே நெறைய நேரம் ஆகுது, அதனால எல்லாரும் நிதானமா படிக்கிற மாதிரி எழுதிடலாம்னு தோணிச்சு.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கு. டைஃபாய்டுலயும் கேரியர்னு சொல்லுவோம், அங்க அந்த ஆளுக்கு காய்ச்சல் போயிருக்கும், ஆனா கிருமி பித்தப்பையில தங்கி மலம் வழியா வெளிய வந்து அடுத்தவங்களுக்குப் பரவும். அத கேள்விப்பட்டவங்கதான் "மேடம், ஒரே தட்டுல சாப்பிடலாமா, ஒட்டிக்குமா"ன்னு கேக்கறாங்க. தலசீமியா கேரியர் அப்படி கெடையாது. நம்ம உடம்புல பெரும்பாலும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு ரெண்டா இருக்கு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஹீமோகுளோபின் செய்யற பீட்டா ஜீன்ல ஒண்ணு பழுது, இன்னொண்ணு நல்லா இருக்குன்னா அந்த நல்லது வேலையப் பாத்துக்கும். அவங்கதான் கேரியர். கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்கலாம், அவ்ளோதான். யாருக்கும் ஒட்டாது, வயசானா முத்திப் பெரிய வியாதியாவும் மாறாது.

சிக்கல் எப்ப வருதுன்னா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே கேரியரா இருக்கறப்ப. அப்ப ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25 சதவீதம் குழந்தைக்கு தலசீமியா மேஜர், அதாவது ரெண்டு ஜீனும் பழுதான முழு வியாதி, வர வாய்ப்பு, 50 சதவீதம் குழந்தையும் கேரியர், 25 சதவீதம் ரெண்டு ஜீனும் நல்லா இருக்கும். இதத்தான் ரொம்ப தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, "நாலுல ஒண்ணுதானே, மொதக் குழந்தைக்கு வந்துடுச்சு, இனிமே வராது"ன்னு தைரியமா அடுத்தது பெத்துக்கறாங்க. அப்படி இல்லைங்க, ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசா ஆரம்பிக்குது.

மேஜர் குழந்தை பொறக்கறப்ப நல்லாத்தான் இருக்கும், ஏன்னா வயித்துக்குள்ள இருந்தப்ப இருந்த ஹீமோகுளோபின் வேற. ஆறு மாசத்துக்கு மேல மெல்ல வெளுக்க ஆரம்பிக்கும், பால் குடிக்காது, நைநைன்னு அழும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னாடி தள்ளும். அப்புறம் ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும், வாழ்நாள் முழுக்க. ஏத்தற ரத்தத்துல இருக்கற இரும்பு இதயத்துலயும் கல்லீரல்லயும் சேந்துடும்ங்கறதால அத வெளியேத்த தினமும் மாத்திரை. சித்தேரி மலையில இருந்து பஸ் புடிச்சு எறங்கி வர்ற அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு கூலி போச்சு, அந்தக் கஷ்டத்த பக்கத்துல இருந்து பாத்தாதான் தெரியும்.

இப்ப சாதா ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க. ஒரு பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.6, எம்சிவி (சிவப்பணுவோட சராசரி அளவு) 62, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம்னு வெச்சுக்கங்க. ஹீமோகுளோபின மட்டும் பாத்துட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பிடறாங்க, மூணு மாசம் சாப்பிட்டும் ஏறலைன்னா "ஒழுங்கா சாப்பிடல, கீரை தின்னல"ன்னு அந்தப் பொண்ணுக்குத்தான் திட்டு. ஆனா இரும்புச்சத்து கொறைஞ்சா சிவப்பணு எண்ணிக்கையும் பொதுவா கொறையும், இங்க அணு சின்னதா இருக்கு, எண்ணிக்கை மட்டும் தூக்கலா இருக்கு. எம்சிவி 62ஐ 5.6ஆல (56 லட்சம்னா 5.6 மில்லியன்) வகுத்தா 11 வருது, 13க்குக் கீழ வந்தா தலசீமியா சந்தேகப்படணும், ஹீமோகுளோபின் வகைகளப் பிரிச்சுக் காட்டற எச்பிஎல்சி டெஸ்ட் எடுக்கணும். அதுல ஹீமோகுளோபின் ஏ2ங்கற வகை 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா பெரும்பாலும் கேரியர்தான். இதப் படிச்சுட்டு கர்ப்பிணிங்க இரும்பு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, கேரியருக்கும் இரும்புச்சத்து கொறைபாடு சேந்து இருக்கலாம், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குன்னு காட்டற டெஸ்ட்) பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும்.

நம்ம பக்கம் தாய்மாமனுக்கு அக்கா பொண்ண கட்டறது, அத்தை பையன் மாமன் பொண்ணு கல்யாணம் இன்னும் நடக்குது. மாமன் கேரியர்னா அக்கா மகளும் கேரியரா இருக்க நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு, அதனாலதான் சொந்தத்துல கட்டறவங்க டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு அழுத்திச் சொல்றேன். வெளியில கட்டினா வரவே வராதுன்னும் இல்ல.

இன்னொண்ணு, எனக்கு மனசு ரொம்ப வலிக்கறது இதுலதான். குழந்தைக்கு மேஜர்னு தெரிஞ்சதும் "பொண்ணு ஊட்டு வியாதி"ன்னு சொல்லி மருமகள அம்மா ஊட்டுக்கு அனுப்பிடறாங்க. பாட்டி, பையன்கிட்ட இருந்தும் ஒரு ஜீன் வந்தாத்தான் இந்த வியாதியே வரும். பாதி உங்க பையனோடது.

கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தா ரொம்ப நல்லது. விட்டுப்போச்சுன்னா கர்ப்பம் உறுதியான ஒடனே எடுங்க, மனைவி கேரியர்னு வந்தா கணவரும் அந்த வாரமே ரத்தம் குடுக்கணும், பெங்களூர்ல வேலை, பொங்கலுக்கு வரேன்னு தள்ளிப்போட முடியாது. ரெண்டு பேரும் கேரியர்னா குழந்தைக்கு இருக்கான்னு பாக்க 10ல இருந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியில இருந்து துளி எடுத்துப் பாக்கலாம், தப்பிப்போனா 15 வாரத்துக்கு மேல பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்கலாம். அஞ்சாம் மாசம் ஸ்கேனுக்கு வரப்ப மொத மொறையா இந்தப் பேச்ச எடுத்தா எங்களுக்கும் கை கட்டின மாதிரி ஆயிடுது.

டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணும்னு இல்ல. சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, ஏத்தின ரத்தம் கலந்து ரிசல்ட் தப்பா வரும். ஒருத்தருக்கு கேரியர்னு வந்துட்டா அந்தப் பேப்பர ஜெராக்ஸ் போட்டு கூடப்பொறந்தவங்க எல்லாருக்கும் குடுத்துடுங்க, அவங்கள்ல ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு.